அடிக்கிற கையும் அணைக்கிற கையும்: மூடிய மதக் குழுக்களில் வளரும் பிள்ளைகளின் கதைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. பெரும்பாலான வீடுகளில் அந்த மிரட்டல் சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். மறக்கவே விடாத வீடுகளும் இருக்கின்றன. யாரோடு பேசினாய், என்ன படித்தாய், மனசுக்குள் என்ன நினைத்தாய் என்பதுவரை மேலே ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு பிள்ளை உண்மையாகவே நம்பி வளரும் வீடுகள் அவை. அப்படிப்பட்ட வீடுகளையும் சபைகளையும் பற்றிய நாவல்களைச் சில வருடங்களாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில கதைகளின் முடிவு பதில்களில் வந்துவிடும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'மதக் காயம்' என்பது மருத்துவப் பெயரா?

இல்லை. அமெரிக்க உளவியலாளர் மார்லீன் வினெல் 2011-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். மதச் சூழலில் பட்ட மனக்காயத்தின் அறிகுறிகளைச் சேர்த்துச் சொல்வதற்கான பெயர் அது. மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியல்களில் அது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆனால் நீண்ட காலம், தப்பிக்க வழியில்லாத இடத்தில் பட்ட காயத்துக்கு உலக சுகாதார அமைப்பின் புதிய பட்டியலில் தனி இடம் உண்டு. 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. மூடிய குழுக்களில் வளர்ந்த பலர் தங்கள் நிலையை அந்த விவரிப்பில் அடையாளம் காண்கிறார்கள்.

கட்டுப்பாடான வீடெல்லாம் கல்ட்டா?

தமிழில் 'கல்ட்' என்றதும் பாதிப் பேருக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும், ரசிகர்கள் கொண்டாடும் பழைய படம். இங்கே நான் சொல்வது வேறு, உள்ளே இருப்பவர்களின் மனசை முழுக்கத் தன் பிடியில் வைத்திருக்கும் மூடிய குழு. ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் சீனாவில் நடந்த 'சிந்தனைச் சீர்திருத்தம்' பற்றி 1961-ல் எழுதிய புத்தகத்தில் அப்படிப்பட்ட பிடிக்கு எட்டு அடையாளங்களைச் சொன்னார். வெளியிலிருந்து வரும் செய்தியை அடைத்துவிடுவது, மனசில் இருப்பதையெல்லாம் ஒப்புக்கொள்ளச் சொல்வது, குழுவுக்கென்று ஒரு தனி மொழி வைத்திருப்பது, ஒருவர் கண்ணால் கண்டதைவிடக் கோட்பாடு சொல்வதே உண்மை என்பது – இவை அவற்றில் சில. கோயிலுக்குப் போ, நோன்பு இரு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடாதே என்று சொல்கிற வீட்டை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. 'ஏன்?' என்று கேட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓரளவு விளங்கிவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வித்தியாசமாக வாழ்கிறார்கள் என்பதற்காகவே ஒரு குழுவை நசுக்கப் பார்ப்பதும் நடக்கும். 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும், வாய்விட்டுப் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டார்கள். அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நல்ல நாவலாசிரியர்கள் இந்த இரண்டு பக்கத்தையும் மனசில் வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

ஒரே ஒரு நாவல் என்றால் எதைச் சொல்வீர்கள்?

சிமமாண்டா என்கோசி அடிச்சியின் 'பர்ப்பிள் ஹிபிஸ்கஸ்' (2003). நைஜீரியாவின் எனுகு நகரம், வசதியான கத்தோலிக்க வீடு. பதினைந்து வயதுப் பெண் கம்பிலி கதை சொல்கிறாள். அப்பா யூஜின் ஊரே மதிக்கிற மனிதர். ஏழைகளுக்கு அள்ளிக் கொடுப்பவர், ராணுவ ஆட்சியை எதிர்க்கும் பத்திரிகையை நடத்துபவர். வீட்டுக்குள் பிள்ளைகளுக்கு நிமிடக் கணக்கில் அட்டவணை. படிப்புக்கு, ஜெபத்துக்கு, தூக்கத்துக்கு என்று நேரம் பிரித்துச் சுவரில் ஒட்டியிருப்பார். பழைய நம்பிக்கையை விடாத சொந்தத் தகப்பனைப் பேரப்பிள்ளைகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் போய்ப் பார்க்கலாம், அதுவும் பதினைந்து நிமிடம்தான்.

அந்த நாவலில் ஒரு தேநீர்க் கோப்பை வரும். அப்பா தேநீர் குடிக்கும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டு முதல் மடக்கை அவர்களுக்குக் கொடுப்பார். அன்புக்குரியவர்களோடு பகிர்ந்துகொள்வதாம். தேநீர் எப்போதும் கொதிக்கக் கொதிக்க இருக்கும். கம்பிலியின் நாக்கு வெந்துபோகும், மதியம் காரமாகச் சாப்பிட்டிருந்தால் இன்னும் எரியும். ஆனாலும் அவளுக்கு அந்த மடக்கு வேண்டும். சூடு நாக்கில் படும்போதுதான் அப்பாவின் அன்பு தனக்குள் இறங்குவதாக அவள் நினைக்கிறாள்.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நம் ஊரில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஒரு குழந்தையை உட்கார வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை அந்தக் கோப்பை காட்டிவிடுகிறது. பிறகு ஒரு நாள், 'அஞ்ஞானி' தாத்தாவோடு ஒரே வீட்டில் தங்கியதை மறைத்துவிட்டாள் என்பதற்காக, அதே அப்பா அவளைக் குளியல் தொட்டியில் நிற்கவைத்துக் காலில் வெந்நீர் ஊற்றுகிறார். ஊற்றும்போது அவரும் அழுகிறார். அந்த அழுகை பொய்யில்லை, அதனால்தான் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக முடிவதில்லை.

இத்தனைக்கும் பிறகு பிள்ளை அப்பாவை ஏன் வெறுப்பதில்லை?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பெரியவராகிக் குழுவில் சேர்ந்தவருக்கு 'முன்பு' என்று ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். உள்ளேயே பிறந்த பிள்ளைக்கு அது கிடையாது. பசிக்குச் சோறு ஊட்டியவரும், காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவரும், நரகத்தைப் பற்றிச் சொல்லித் தந்தவரும் ஒரே ஆள். ஒன்றை வெட்டினால் மற்றதும் சேர்ந்து போய்விடும். யூஜின் இறந்த பிறகும் கம்பிலி அவருக்காகப் பூசை வைக்கிறாள், கனவிலாவது வரமாட்டாரா என்று ஏங்குகிறாள். இதைப் பலவீனம் என்று படித்தால் நாவல் கை நழுவிவிடும். வில்லனைக் காட்டிக் கதையை முடித்துக்கொள்ளும் எழுத்தாளர்கள் சறுக்குவதும் இங்கேதான். தலைவரின் கொடூரத்தைப் பத்துப் பக்கம் எழுதுவார்கள், பிள்ளையின் பாசத்துக்கு ஒரு வரி இருக்காது.

தன் வீடு சாதாரண வீடு இல்லை என்று பிள்ளைக்கு எப்போது தெரிகிறது?

பள்ளிக்கூடத்தில். எந்த நாட்டுக் கதையை எடுத்தாலும் இது மாறுவதில்லை.

ஜீனட் விண்டர்சனின் 'ஆரஞ்சஸ் ஆர் நாட் தி ஒன்லி ஃப்ரூட்' (1985) இங்கிலாந்தின் வடக்கே, லங்காஷயர் பகுதியின் தொழிலாளர் ஊரில் நடக்கிறது. தத்தெடுத்த பெண்ணை ஊழியக்காரியாக்கியே தீருவது என்று இருக்கும் பெந்தெகொஸ்தே அம்மா. பள்ளியில் பூத்தையல் போடச் சொல்கிறார்கள். மற்ற பிள்ளைகள் அம்மாவுக்கு அன்போடு என்கிற மாதிரி தைக்க, இந்தப் பெண் எரேமியாவின் வசனத்தைத் தைக்கிறாள், கோடைகாலமும் முடிந்தது, நாமோ இரட்சிக்கப்படவில்லை என்பதை. டீச்சர் ஆடிப்போகிறார். இவளுக்கோ இதில் என்ன தப்பு என்றே புரியவில்லை. வீட்டில் எல்லோரும் பேசுவது அப்படித்தானே.

அதே நாவலில் அவளுக்குக் கொஞ்ச காலம் காது கேட்காமல் போகிறது. சபையில் யாரும் பதறவில்லை. பரிசுத்த ஆவி நிறைந்திருக்கிறது, அதனால்தான் பேசாமல் இருக்கிறாள், தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரே ஒரு பெண்மணி சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கண்ணால் கண்டதைவிடக் கோட்பாடு பெரிது என்று லிஃப்டன் எழுதினாரே, அதைக் குழந்தையின் காதை வைத்து இந்த நாவல் காட்டிவிடுகிறது. சிரிப்பு வரும்படி எழுதியிருப்பார். சிரித்து முடித்த பிறகு, இத்தனை பேர் அன்பாகச் சுற்றி நின்றும் ஒருவருமே அந்தப் பிள்ளையிடம் 'உனக்குக் காது கேட்கிறதா?' என்று கேட்கவில்லையே என்று தோன்றும்.

ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமியின் '1கியூ84'-ல் (2009–10) வரும் அயோமாமே என்ற சிறுமி, பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக ஜெபம் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வீடு வீடாகக் கதவு தட்டிப் பிரசாரம் செய்ய வேண்டும். வகுப்பில் ஒருவரும் அவளோடு பேச மாட்டார்கள். இதைப் படித்தபோது, ஆறாம் வகுப்பில் என்னோடு படித்த ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கொடுக்கும் சாக்லேட்டை வாங்கிக்கொள்வாள், சாப்பிட மாட்டாள். சாயங்காலம் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நாங்கள் அதைத் திமிர் என்று பேசிக்கொண்டோம். ஒருத்தியாவது அவளிடம் போய் ஏன் என்று கேட்டிருக்கலாம்.

வெளியேறிவிட்டால் கதை முடிந்துவிடும்தானே?

சினிமாவில் முடியும். வேலி தாண்டி ஓடுவாள், பின்னால் டார்ச் வெளிச்சம், அப்புறம் நெடுஞ்சாலை, படம் முடிந்தது. நாவல்களில் பாதிக் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அயோமாமே பத்து வயசு வாக்கில் அந்த நம்பிக்கையையும் பெற்றோரையும் விட்டு வந்துவிடுகிறாள். முப்பது வயதில், எதையும் நம்பாத பெண்ணாக, நெருக்கடி வரும்போது அவள் வாய் முணுமுணுப்பது அந்தப் பழைய சாப்பாட்டு ஜெபத்தைத்தான். தொட்டில் பழக்கம் என்று நாம் சொல்வதன் கனமான வடிவம் இது. விண்டர்சன் தன் நாவலின் எட்டு அத்தியாயங்களுக்கும் பைபிளின் முதல் எட்டுப் புத்தகங்களின் பெயரையே வைத்தார், ஆதியாகமம் தொடங்கி ரூத் வரை. விட்டு வந்த கதையைச் சொல்வதற்கும் அவரிடம் இருந்த மொழி விட்டு வந்த இடத்தின் மொழிதான். அந்த நாவலில் இன்னொரு பெண்ணைக் காதலித்ததற்காகப் பேய் பிடித்திருக்கிறது என்று அறையில் பூட்டிப் பட்டினி போடப்பட்ட மகள், வீட்டை விட்டுப் போன பிறகு, ஒரு கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வருகிறாள். பெரிய சண்டையோ மன்னிப்போ எதுவும் கிடையாது. அம்மா புதிதாக ஒரு வானொலிக் கருவியை வைத்துக்கொண்டு, தூரத்து விசுவாசிகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே தங்கிவிட்டவர்களின் கதையும் இருக்கிறது. கனடாவின் மிரியம் டேவ்ஸ் எழுதிய 'எ காம்ப்ளிகேட்டட் கைண்ட்னஸ்' (2004) மெனோனைட் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவப் பிரிவினரின் சிற்றூர் ஒன்றில் நடக்கிறது. பதினாறு வயது நோமியின் அக்காவும் அம்மாவும் போய்விட்டார்கள். சபை ஒருவரைத் தள்ளிவைத்தால் குடும்பத்தாரும் அவரோடு புழங்கக் கூடாது. நம் கிராமங்களில் ஊர் விலக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறோமே, அதே மாதிரி. அப்பா ரே சபையையும் விட முடியாமல் மனைவியையும் மறக்க முடியாமல் வீட்டில் இருக்கும் மேசை நாற்காலிகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருக்கிறார். வீடு காலியாகிக்கொண்டே போகிறது, அவர் ஒன்றும் சொல்வதில்லை. கடைசியில் தான் போனால்தான் மகளும் இந்த ஊரை விட்டுப் போவாள் என்று அவரே கிளம்பிவிடுகிறார். மதக் காயம் பற்றிய கதைகளில் அப்பாக்களுக்கு இவ்வளவு கருணை காட்டிய நாவலை நான் வேறு படித்ததில்லை.

டேவ்ஸின் 'விமன் டாக்கிங்' உண்மைக் கதையா?

உண்மைச் சம்பவத்திலிருந்து கிளம்பிய கற்பனை. 2005 முதல் 2009 வரை பொலிவியாவில் ஒரு மெனோனைட் குடியிருப்பில், இரவில் கால்நடைகளுக்கான மயக்க மருந்தை வீடுகளுக்குள் தெளித்து, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் அந்தக் குடியிருப்பின் ஆண்களே வன்கொடுமை செய்தார்கள். காலையில் வலியோடு எழுந்த பெண்களிடம் இது பேயின் வேலை என்றோ உங்கள் கற்பனை என்றோ சொல்லப்பட்டது. 2011-ல் குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. டேவ்ஸின் நாவல் 2018-ல் வந்தது, சாரா பாலி எடுத்த படம் 2022-ல். தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது.

கொடுமையை டேவ்ஸ் காட்சியாக எழுதவில்லை. ஆண்கள் ஊரில் இல்லாத நேரத்தில் வைக்கோல் பரணில் உட்கார்ந்து பெண்கள் பேசுவதுதான் நாவல். ஒன்றும் செய்யாமல் இருப்பதா, இங்கேயே இருந்து போராடுவதா, போய்விடுவதா? அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் மூன்று வழிகளுக்கும் படம் வரைந்து ஓட்டுப் போடுகிறார்கள். வெளி உலகத்தின் வரைபடத்தைக்கூடப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவர்கள் விவாதிப்பது முழுக்க விசுவாசத்துக்குள் நின்றுதான். மன்னிக்கச் சொன்னால் மன்னித்துவிட வேண்டுமா, கட்டாயத்தில் சொன்ன மன்னிப்பு மன்னிப்பாகுமா என்று. அந்தப் பேச்சுக்காகவே இரண்டு முறை படித்தேன்.

ஜப்பானில் இந்த வகைக் கதைகள் ஏன் இவ்வளவு பேசப்படுகின்றன?

1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்யோ குழு டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுவைப் பரப்பியது. முரகாமி பாதிக்கப்பட்டவர்களையும், பிறகு அந்தக் குழுவில் இருந்தவர்களையும் நேரில் பேட்டி எடுத்துப் புத்தகமாக்கினார். அப்போது எல்லோரும் கேட்டது சேர்ந்தவர்களைப் பற்றி. உள்ளே பிறந்த பிள்ளைகளைப் பற்றிய பேச்சு பெரிதானது 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு. சுட்டவரின் தாய் 'ஒருங்கிணைப்புச் சபை' (யூனிஃபிகேஷன் சர்ச்) என்ற மதக் குழுவுக்குக் குடும்பச் சொத்தையெல்லாம் காணிக்கையாகக் கொடுத்தவர் என்று தெரியவந்தது. 'ஷூக்யோ நிசெய்', அதாவது மதத்தின் இரண்டாம் தலைமுறை என்ற சொல் வீட்டுக்கு வீடு பரவியது. அந்த டிசம்பரிலேயே, நரகத்துக்குப் போவாய் என்று பயமுறுத்திப் பிள்ளைகளை மதக் காரியங்களில் ஈடுபடுத்துவது சிறார் வன்கொடுமைதான் என்று சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதுவும் கேள்வி-பதிலாகத்தான் எழுதப்பட்டிருந்தது.

இதற்கெல்லாம் முன்னாலேயே, 2017-ல், நட்சுகோ இமாமுரா 'ஹோஷி நோ கோ' எழுதிவிட்டார். நட்சத்திரக் குழந்தை என்று பொருள். சிஹிரோ கைக்குழந்தையாக இருக்கும்போது தோல் வியாதியால் துடிக்கிறாள். யாரோ கொடுத்த ஒரு விசேஷத் தண்ணீரில் குளிப்பாட்டச் சரியாகிவிடுகிறது. பெற்றோர் அந்தக் குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆக, எல்லாம் தொடங்கியது அவள்மேல் வைத்த பாசத்தால்தான், அவளுக்கும் அது தெரியும். வருடம் போகப் போக வீடு சின்னதாகிறது. தாய்மாமன் பாட்டில்களில் குழாய்த் தண்ணீரை மாற்றி ஊற்றிவைத்து உண்மையைப் புரியவைக்கப் பார்க்கிறார், விரட்டப்படுகிறார். அக்கா ஓடிப்போகிறாள்.

ஒரு நாள், சிஹிரோ மனசுக்குள் ஆசை வைத்திருக்கும் கணக்கு வாத்தியார் காரில் அவளையும் தோழர்களையும் வீட்டில் விட வருகிறார். பூங்காவில் இரண்டு பேர் தலையில் துண்டை வைத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். பைத்தியங்கள், கொஞ்சம் பொறுத்து இறங்குங்கள் என்கிற மாதிரி வாத்தியார் சொல்கிறார். அது அவளுடைய அப்பாவும் அம்மாவும். அந்தக் காருக்குள் அவள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை, பூட்டிவைக்கவில்லை.

திரைப்படங்களும் தொடர்களும் எப்படி?

பெரும்பாலும் ஜோன்ஸ்டவுனின் நிழல்தான். ஜிம் ஜோன்ஸ் என்ற மதத் தலைவர் தன் குழுவுக்காகக் கயானா காட்டில் அமைத்த குடியிருப்பு அது. 1978 நவம்பர் 18 அன்று அங்கே 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குழந்தை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கல்ட் என்றால் கறுப்புக் கண்ணாடித் தலைவர், கடைசிக் காட்சியில் சாவு என்ற அச்சு விழுந்துவிட்டது. விலக்காக ஒன்றைச் சொல்லலாம். 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த நான்கு பாகத் தொடர் 'அன்ஆர்த்தடாக்ஸ்', நியூயார்க்கின் கட்டுப்பாடான யூதச் சமூகம் ஒன்றை விட்டு வெளியேறும் பெண்ணின் கதை. பெரும்பகுதி அவர்கள் பேசும் இத்திஷ் மொழியிலேயே எடுத்திருக்கிறார்கள். அந்தச் சமூகத்தை அங்கே கட்டியெழுப்பியவர்கள் ஹிட்லரின் முகாம்களிலிருந்து மிஞ்சியவர்கள். சுவர் கட்டியவர்களே காயம்பட்டவர்கள் என்பதை அந்தத் தொடர் மறக்கவில்லை.

தமிழில் இப்படி எழுதப்பட்டிருக்கிறதா?

ஒரு கல்ட்டுக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளையின் கதை என்று நேராகச் சொல்லத்தக்க நாவலை நான் தமிழில் படித்ததில்லை. பக்கத்தில் வரும் புத்தகங்கள் இருக்கின்றன. பாமாவின் 'கருக்கு' (1992) தன்வரலாறு. ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியைப் பார்த்து, ஏழு வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தவரின் வலி அதில் இருக்கிறது. வெளியே வந்ததும் பஸ்ஸில் போவதற்கே, கையில் காசில்லாமல் வாழ்வதற்கே எப்படித் திணறுகிறார் என்று படித்தால், மேலே சொன்ன நாவல்களெல்லாம் நினைவுக்கு வரும். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) ராபியா என்ற சிறுமியின் கண் வழியாக, பெண்களை வீட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் ஊரைக் காட்டுகிறது. இரண்டையுமே நான் 'கல்ட் கதை' என்று சொல்ல மாட்டேன். அவற்றின் அக்கறை சாதியும் பெண் வாழ்வும். ஆனால் நம் ஊர்களில் ஆசிரமங்களும் ஜெப வீடுகளும் பெருகிய அளவுக்கு, அங்கே வளர்ந்த பிள்ளைகளின் கதைகள் வரவில்லை. யாராவது எழுத வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

இவையெல்லாம் மதத்துக்கு எதிரான கதைகளா?

'பர்ப்பிள் ஹிபிஸ்கஸ்'ஸில் கம்பிலிக்குச் சிரிக்கச் சொல்லிக்கொடுக்கும் அத்தை இஃபியோமாவும் கத்தோலிக்கர்தான். அவர் வீட்டிலும் ஜெபமாலை உண்டு. நடுநடுவே இக்போ மொழிப் பாட்டும் உண்டு, கலகலப்பும் உண்டு. ஒரே மதம், இரண்டு வீடு. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பதினாலு வயதிலேயே நியூயார்க்கின் ஹார்லெமில் பிரசங்கம் செய்யத் தொடங்கி, மூன்று வருடத்தில் விட்டவர். அவருடைய 'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' (1953) அந்தச் சபையின் பாட்டையும் தாளத்தையும் எவ்வளவு அழகாக எழுதுகிறதோ, மாற்றாந்தகப்பன் கேப்ரியலின் பக்தியில் இருக்கும் கொடுமையையும் அவ்வளவு தெளிவாக எழுதுகிறது. எதை நேசித்தோமோ அதனால்தான் காயமும் பட்டது என்பதால், கேலி செய்துவிட்டுப் போக இவர்களால் முடிவதில்லை.

நானே அப்படியொரு வீட்டில் வளர்ந்தவள். படித்தால் ஆறுமா, கிளறுமா?

இரண்டும் நடக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் 'ஆரஞ்சஸ்'ஸைச் சிரித்துக்கொண்டே படித்து முடித்துவிட்டு, ஒரு வாரம் தூங்கவில்லை. ஆகவே கொஞ்சம் முன்னெச்சரிக்கை. 'பர்ப்பிள் ஹிபிஸ்கஸ்'ஸில் அடியும் கருச்சிதைவும் நேராக வருகின்றன. 'ஆரஞ்சஸ்'ஸில் பேயோட்டும் பகுதி இருக்கிறது. 'விமன் டாக்கிங்' காட்சியாகக் காட்டாவிட்டாலும் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான். பகலில் படியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. பிடிக்கவில்லை என்றால் மூடிவையுங்கள். முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அந்தச் சுதந்திரமே சிலருக்குப் புதிதாக இருக்கும். மனசு தாங்கவில்லை என்றால் இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

எங்கே தொடங்குவது என்றால், 'ஹோஷி நோ கோ' கதையில் தொடங்கலாம். 2020-ல் படமாகவும் வந்திருக்கிறது. அடிதடி இல்லாத கதை. கடைசியில் குழுவின் முகாமில், இரவு நேரம், சிஹிரோவை அப்பாவும் அம்மாவும் மலைமேட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். மூவரும் ஒட்டி உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் இன்னொருவர் தவறவிட்டுவிடுகிறார். மூவரும் ஒன்றாக ஒன்றைப் பார்க்கும்வரை இருப்போம் என்கிறார்கள் பெற்றோர். குளிர்கிறது. முகாமுக்குத் திரும்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அவளை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தபடி அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.